‘வலிக்குதுங்க’ என்று சொல்லத் தெரியாத மனிதர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், கோயம்புத்தூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் என் கணவரும் நானும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். “எப்படி இருக்கீங்கண்ணா?” என்று டாக்டர் கேட்டார். “நல்லா இருக்கேனுங்க மேடம்” என்றார் என் கணவர், முகம் நிறையச் சிரிப்போடு. அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். ரேடியேஷன் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், காரில் வழி நெடுகக் கைக்குட்டையில் துப்பிக்கொண்டே வந்த மனிதர் சொன்ன பதில் அது.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மேஜையைத் தூக்கி எறிந்திருப்பேன். ஏன் என்று புரிய வேண்டுமானால், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காரமடையில் எங்களுக்குப் பெயிண்ட் கடை. முப்பது வருடமாக அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். வந்தவர் யாரிடமும் ‘இல்லை’ என்று சொன்னதே கிடையாது. கேட்ட கலர் கடையில் இல்லையென்றால் “சாயங்காலம் வந்துருமுங்க” என்பார். அந்த ஆள் தெரு முனை திரும்புவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் கிளம்பிவிடுவார். ஒருமுறை சலூனில் மீசையைக் கோணலாக வெட்டிவிட்டார்கள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “அருமையா இருக்குதுங்க” என்று சொல்லி, வீட்டுக்கு வந்து மொத்த மீசையையும் மழித்துவிட்டார். ஊரே அவரைத் தங்கமான மனிதர் என்று சொல்லும். தங்கத்தோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

நோயையும் அப்படியேதான் மறைத்தார். சோறு இறங்கவில்லை என்று களிக்கு மாறினார். களியும் இறங்கவில்லை என்று இட்லியைத் தயிரில் கரைத்துக் குடித்தார். கேட்டால், “வயசாகுதில்ல அம்மணி, கொஞ்சமாத் திங்கலாம்னு” என்பார். அந்த வருடம் ஆடியில் அந்தியூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் வைத்ததையெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் தின்றுவிட்டு, கை கழுவும் இடத்தில் போய் அத்தனையும் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, விசேஷ வீட்டுக்காரரிடம் “சாப்பாடு பிரமாதமுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். மறுநாளே நான் அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு எண்டோஸ்கோப்பி எடுக்கப் போனேன். உணவுக்குழாயின் கீழ்ப்பக்கத்தில் கட்டி. ஆனால் அடுத்து எடுத்த ஸ்கேனைப் பார்த்து, வேறெங்கும் பரவவில்லை என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு அன்று வீடு வந்து சேர்ந்தேன்.

எங்களுக்கு அமைந்த டாக்டர் நாற்பது வயதுப் பெண். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்துவிடும். கீமோவும் ரேடியேஷனும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவது, சில வாரம் உடம்பைத் தேற்றுவது, பிறகு அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்து உணவுக்குழாயோடு சேர்த்துத் தைப்பது என்று திட்டம் சொன்னார். அதோடு, நான் அதுவரை கேள்விப்படாத இன்னொரு விஷயத்தையும் சொன்னார்.

“கட்டி மட்டும் எதிரி இல்லைங்க்கா. அழற்சின்னு ஒண்ணு இருக்குது. கட்டியைப் பாத்து நம்ம உடம்பே உள்ளுக்குள்ள எரிஞ்சுட்டு இருக்கும். அது அடங்கலைன்னா திங்கறது ஒடம்புல ஒட்டாது, சதை கரையும், தச்ச எடம் லேசுல சேராது. ஒரே மாதிரி கட்டி, ஒரே ஆபரேஷனா இருந்தாலும், இது அடங்கினவங்க சீக்கிரம் எந்திரிச்சு நடக்கறாங்க. அடங்காதவங்க ரொம்பச் செரமப்பட்டுப்போறாங்க.”

ரத்தப் பரிசோதனையில் அதற்கு இரண்டு கணக்கு. சி.ஆர்.பி. என்பது உடம்பில் எரிகிற தீயின் அளவு. அது இறங்க வேண்டும். ஆல்புமின் என்பது ரத்தத்தில் இருக்கும் புரதம். அது ஏற வேண்டும். ஈறு வீங்கியிருந்தாலும் அழற்சிக்குத் தீனி போட்ட மாதிரிதான் என்று முதலில் பல் டாக்டரிடம் அனுப்பினார். தினமும் நடை, உறிஞ்சினால் பந்து மேலே ஏறும் ஒரு பிளாஸ்டிக் கருவியில் மூச்சுப் பயிற்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சத்தான ஆகாரம் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டிலேயே டீயை ஊற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கும் அன்றோடு முழுக்குப் போடச் சொன்னார். என் கணவர் எல்லாவற்றுக்கும் “ஆகட்டுமுங்க” என்றார்.

அந்த ‘ஆகட்டுமுங்க’வின் லட்சணம்தான் ஐப்பசியில் வெளிச்சத்துக்கு வந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் பரிசோதனையைப் பார்த்தார். சி.ஆர்.பி. இறங்குவதற்குப் பதில் ஏறியிருந்தது. ஆல்புமின் இறங்கிக்கொண்டே போனது. எடையும் குறைந்திருந்தது. “வாராவாரம் வலி இல்லை, நல்லா சாப்பிடறேன்னுதானே சொல்லி எழுதியிருக்குது? பின்ன எப்படி இது?” என்று அவர் குழம்பியபோதுதான், இவர் அந்தச் சிரிப்போடு “நல்லா இருக்கேனுங்க மேடம்” என்றது.

நான் வாயைத் திறந்தேன். சலூன் கதையிலிருந்து அந்தியூர் வாந்தி வரைக்கும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். “இவரு சொல்றதை எழுதாதீங்க மேடம். ஊடு தீப்பிடிச்சாக்கூட வந்தவங்களை உக்காருங்கன்னு சொல்ற மனுசன் இவரு” என்றேன். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். “குடிங்கண்ணா.”

அவர் குடித்தார். ஒரே ஒரு வாய். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அவருடைய கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டுகொண்டதை டாக்டரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ரேடியேஷனில் உள்ளே புண்ணாகிக் கிடந்திருக்கிறது. எல்லோருக்கும் வருவதுதானாம், அதற்கு மருந்தும் இருக்கிறதாம். வலிக்கிறது என்று சொன்னவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். இவர் சொல்லவில்லை, அதனால் கிடைக்கவில்லை.

“அண்ணா, நீங்க எங்கிட்ட மரியாதையா நடந்துக்க வேண்டாம். வலியைச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் நான் வேலை செய்யோணும்” என்றார் டாக்டர். வலி மருந்தும், சாப்பிடும் முன் தொண்டையை மரத்துப்போகச் செய்யும் ஒரு சிரப்பும் எழுதினார். அதன் பிறகு இன்னொன்றும் சொன்னார். இரண்டு வாரம் பார்க்கலாம். தேறவில்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் வைத்து ஆகாரம் கொடுக்க வேண்டும். அதற்கும் தேறவில்லையென்றால், இந்த உடம்பில் ஆபரேஷன் செய்வதா என்றே யோசிக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்த மறுநாள், எங்கள் கடைக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் பருப்பு வாங்கப் போனேன். கடைக்கார பாய் எங்களோடு பல வருடப் பழக்கம். சாமான் கட்டிக்கொண்டே, “அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பால்ல என்ன போடறீங்க? என்ற ஊட்டுல செய்யச் சொல்லலாம்னு பாத்தேன்” என்றார்.

“எந்தப் பால்?”

“தெனமும் அண்ணனுக்குப் பிளாஸ்க்ல குடுத்து விடுறீங்கல்ல, அதுதானுங்க. பாதாம் வாசம் கமகமன்னு இருக்குது.”

டாக்டர் எழுதிக் கொடுத்த புரதப் பவுடரைக் கரைத்து, பாதாம் அரைத்துக் காய்ச்சி நான் கொடுத்து அனுப்பிய பால் அது. கடைக்கு வந்த பெயின்டர்கள், கம்பெனி ஏஜென்ட், பாய் என்று ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். ரேடியேஷனுக்குப் போய்வந்த நேரம் போக மீதி நேரம் கடையில் உட்கார்ந்து இந்தத் தர்மத்தைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். அவர் உடம்பு கரைந்துகொண்டிருந்தபோது, காரமடைப் பெயின்டர்களுக்குப் புரதம் ஏறிக்கொண்டிருந்தது. அது நோயாளிக்கான பால் என்று தெரிந்ததும் பாயின் முகம் செத்துப்போய்விட்டது. நான் அந்தப் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

வீட்டில் வந்து கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். “வந்தவங்க மொகத்தைப் பாத்துட்டு நான் மட்டும் எப்படி அம்மணி குடிக்கறது?” என்றார். அது பாதி உண்மை. குடித்தால் வலிக்கும், வலிக்கிறது என்று சொல்லவும் வராது, அதனால் கொடுத்துத் தீர்த்திருக்கிறார் என்பது மீதி.

அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து, “ஏந்தம்பி, ஒரு கரண்டி வாயில போடுங்க. இல்லேன்னா என்ற மனசு ஆறாது” என்றார். சிரப்பைக் குடித்துவிட்டு, என் கணவர் அந்தப் பாயசத்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். நான் நீட்டியிருந்தால் “பொறவு குடிக்கறேன்” என்றிருப்பார். அந்த வெறும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த ஆளுக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. சரி, அப்படியானால் வேண்டாம் என்று சொல்ல முடியாத இடமாகப் பார்த்து இவரைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டியதுதான்.

மறுநாள் புரதப் பவுடர் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிர் வீட்டு அக்காவுக்கு ஒன்று, பாய் வீட்டுக்கு ஒன்று, தெருக்கோடியில் இருக்கும் சர்ச் பள்ளி டீச்சருக்கு ஒன்று. எதை எப்படிக் கரைக்க வேண்டும், எவ்வளவு ஆற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கடைக்குப் போவதை நிறுத்தி, டாக்டர் சொன்ன நடைக்கு அவரை அனுப்பினேன். சட்டைப் பையில் சிரப்பு பாட்டில். நடக்கிற வழியில் இந்த மூன்று வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது நிற்பார்கள்.

“ஏனுங்க, வாங்க, வந்து சித்த உக்காந்துட்டுப் போங்க.”

உட்கார்ந்தால் டம்ளர் வரும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்த ஒறம்பரை, அதாவது விருந்தாளி, கொடுத்ததைக் குடிக்காமல் எழுந்து போனால், சண்டை போட்டுப் போனதாக அர்த்தம். அவர் எழுந்து போவாரா? காலையில் அக்கா வீட்டில் பவுடர் கலந்த ராகிக் கஞ்சி. டீச்சர் வீட்டில் பருப்பை மசித்து வடிகட்டிய தண்ணீரில் நெய். மதியத்துக்கு முன் பாய் வீட்டில் ஆட்டுக்கால் சூப். சாயங்காலம் மறுபடியும் அதே சுற்று. முதல் சில நாள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு குடித்தார். பிறகு மருந்து வேலை செய்யத் தொடங்கி, புண் ஆற ஆறக் கொஞ்சம் சுலபமாகப் போயிற்று.

ஒருநாள் பாய் எனக்கு போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அக்கா, அண்ணன் இன்னைக்குச் சூப்பு சூடா இருக்குதுன்னு சொல்லிட்டாருங்க. ஆத்திக் குடுன்னு திருப்பிக் குடுத்துட்டாரு.” முப்பது வருடத்தில் அவர் அடுத்தவர் வீட்டில் சொன்ன முதல் குறை. அன்று தெரு முழுக்க அதுதான் பேச்சு.

எங்கள் குட்டை உடைத்தது எதிர் வீட்டு அக்காதான். பேச்சுவாக்கில், “பவுடரு தீந்துபோச்சு தம்பி, ஊட்டுல சொல்லி வாங்கியாரச் சொல்லு” என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

“அத்தனை பேரும் எனக்காகவா பண்ணுனாங்க?” என்றார்.

“பின்ன யாருக்கு? பெயின்டருக்கா?”

அவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு எத்தனை மணிக்குக் கெளம்போணும்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அவரைத் துரத்த வேண்டியிருக்கவில்லை. பந்து ஊதும் கருவியைக்கூட அவரே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊதுவதல்ல, உறிஞ்சுவது என்று எனக்குத் திருத்தம் வேறு சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது டாக்டர் பரிசோதனையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். சி.ஆர்.பி. நன்றாக இறங்கியிருந்தது. ஆல்புமின் மெதுவாக ஏறத் தொடங்கியிருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் ஏறியது. குழாய் தேவைப்படவில்லை. மார்கழியில் ஆபரேஷன் என்று முடிவானது.

ஆபரேஷன் நாள் முழுவதும் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாயும் டீச்சரும் காரமடையிலிருந்து வந்து என் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். இருட்டும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, நினைத்த மாதிரியே முடிந்தது என்றார். ஆனால் இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டும், தைத்த இடம் கசியாமல் சேர வேண்டும் என்றும் சொன்னார்.

சில நாள் நன்றாகத்தான் போனது. வயிற்றில் வைத்த குழாய் வழியாக ஆகாரம் போனது. பிடித்துக்கொண்டு நடக்கவும் வைத்தார்கள். அப்புறம் ஒருநாள் காலையில், எங்களுக்குப் பழக்கமில்லாத ஓர் இளம் டாக்டர் அவசரமாகச் சுற்றி வந்தார். காய்ச்சல் இல்லை, எல்லாம் சரியாகத் தெரிந்தது. “எப்படி இருக்கீங்க ஐயா, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே அடுத்த கட்டிலைப் பார்த்துத் திரும்பினார்.

“நல்லா…” என்று ஆரம்பித்தார் என் கணவர்.

அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு பாதி வந்துவிட்டது. இந்த முறை அவருக்காக எடுத்துச் சொல்ல எனக்குத்தான் என்ன தெரியும்? அவருக்குள் என்ன நடக்கிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சிரிப்பு நின்றது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லீங்க தம்பி. வலிக்குதுங்க” என்றார். “நெஞ்சுக்குள்ள, வலது பக்கம், முதுகு வரைக்கும் இழுக்குது. நேத்து இப்படி இல்லைங்க. இது புதுசு.”

அந்த இளம் டாக்டர் திரும்பி வந்தார். உட்கார்ந்து கேட்டார். ரத்தம் எடுத்தார்கள். அடங்கியிருந்த சி.ஆர்.பி. சரசரவென்று ஏறியிருந்தது. உடனே ஸ்கேன். தைத்த இடத்தில் ஒரு சின்னக் கசிவு. பக்கத்தில் கொஞ்சம் நீர் சேரத் தொடங்கியிருந்தது. அன்று மதியமே ஒரு குழாய் வைத்து அதை வடித்தார்கள், மருந்தை மாற்றினார்கள். எங்கள் டாக்டர் சாயங்காலம் என்னிடம் வந்து, “ஒரு நாள் தள்ளிப்போயிருந்தா கத வேறயா ஆயிருக்கும்க்கா. அண்ணன் சொன்னதுனாலதான் இத்தன சீக்கிரம் புடிச்சோம்” என்றார். நான் வராந்தாவுக்கு வந்து, ஊரில் மூன்று வீட்டுக்கும் போன் போட்டேன். ‘வலிக்குது’ன்னு சொல்லிட்டாரு, சொல்லிட்டாரு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

கசிவு மூடியது. தை மாதம் அவரை ஒரு மருந்தை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். எங்கும் கசியாமல் நேராக இறங்கியது. அன்று மதியம் ஒரு ஸ்பூன் மோர் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, உள்ளே இறங்குவதைக் கவனிப்பவர் மாதிரி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். “போயிருச்சு அம்மணி” என்றார். வெட்டி எடுத்த பகுதியைப் பரிசோதித்த முடிவும் வந்தது. அதில் புற்றுநோய் செல் ஒன்றுகூட மிச்சமில்லை. டாக்டர் எங்களுக்கு அதை இரண்டு தரம் படித்துக் காட்டினார்.

இப்போது அவர் மறுபடியும் கடையில் உட்காருகிறார். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுகிறார். சோதனைகள் இதுவரை நல்லபடியாகவே வருகின்றன. ஆனால் ஆள் மாறிவிட்டார். தலையணை உயரம் போதவில்லை என்கிறார். ஃபேன் சத்தம் போடுகிறது என்கிறார். வாங்கி வந்த சட்டை கலர் பிடிக்கவில்லை, மாற்றிக்கொண்டு வா என்று என்னையே கடைக்குத் துரத்துகிறார். தங்கமான மனிதருக்கு என்ன ஆயிற்று என்று சொந்தக்காரர்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார்கள். நான் சிரித்துக்கொள்கிறேன், அவர் சொல்லும் ஒவ்வொரு குறையும் எனக்கு அவர் உயிரோடிருக்கும் சத்தமாகத்தான் கேட்கிறது. ஒருவர் தன் வலியை மறைக்காமல் நம்மிடம் சொல்வதைவிட நமக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை வேறொன்று இல்லை என்று, அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்ற காலையிலிருந்து நான் நம்புகிறேன்.